சுமையைக் கேட்பவர்

கண்டாவளையில் நெல் சூடடிப்பு முடிந்த கையோடு நடக்கத் தொடங்கியவன், விசுவமடுவும் தாண்டி, புதுக்குடியிருப்பும் தாண்டி, தண்ணீரூற்றுப் பக்கம் போகும் மண்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். கண்டாவளையில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அந்த வயதில் எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது. தோளில் ஒரு உரப்பை. அதற்குள் உடுக்க ஒரு சாரமும் ஒரு சேட்டும், தின்னக் கொஞ்சம் அவலும்.

பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்தது. உள்ளே வைக்கோலுக்கு மேல் ஒருவர் காலை நீட்டி மல்லாந்து கிடந்தார். நோயாளியை ஏற்றிப்போகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டேன். வண்டி என்னைத் தாண்டும்போது அவர் தலையை மட்டும் திருப்பினார்.

“எந்தக் கால் நோகுது?”

எங்கள் பக்கத்துப் பாதைகளில் எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள், யாருடைய பிள்ளை என்று கேட்பார்கள். காலை யாரும் கேட்டதில்லை.

“இடது” என்றேன்.

“செருப்போ?”

“செருப்பில்லை. பழைய காயம்.”

“ஏறு.”

ஏறினேன். வண்டி கொஞ்சத் தூரம் போனது. பிறகு, “எப்பிடி இருக்கு?” என்றார்.

“நல்லா இருக்கு.”

“ஏத்தினவனுக்கு மரியாதைக்கு நல்லா இருக்கு எண்டு சொல்லாதை. எங்கை குத்துது?”

வலது பக்கம் இடுப்பில் குத்துகிறது என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து வண்டிக்காரரின் முதுகில் தட்டினார். “கேட்டியோ? நான் சொன்னனான்தானே. உன்ரை வலப்பக்கச் சில்லு நெளிஞ்சுபோய்க் கிடக்குது.”

“மாடு ஒண்டும் சொல்லேல்லையே, அண்ணை” என்றார் வண்டிக்காரர்.

“மாடு இழுக்கிறது. இழுக்கிறதுக்குத் தன்ரை தோள்தான் தெரியும். ஏறினவனைக் கேக்கோணும்.”

அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. விற்கவிருந்த தன் பழைய வலைகளை ஏற்ற அந்த வண்டியை வாடகைக்குப் பிடிக்கலாமா என்று பார்ப்பதற்காக, வலை கிடக்க வேண்டிய இடத்தில் தானே கிடந்து பார்த்திருக்கிறார். வண்டியை அவர் பிடிக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டார்.

அவரை நான் கடைசிவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். ஊரில் சிலர் முதுகுக்குப் பின்னால் ‘ஏறிப்பார்’ என்று சொல்வார்கள். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். கரையில் இராணுவ முகாம் வந்து சனம் உள்ளே தள்ளப்பட்டபோது மனைவியோடு தண்ணீரூற்றுக்கு வந்து, யாருடையதோ ஒரு தென்னந்தோட்டத்தில் கிடுகு வீடு போட்டு இருந்தார். தரையில் நடக்கும்போதும் கால்களை அகட்டித்தான் நடப்பார், நிலம் எந்த நேரமும் சரியலாம் என்பதுபோல. கதிரையில் இருந்தால் இடது கை தானாகவே பின்பக்கம் நீண்டு, இல்லாத ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பிடி வீட்டின் மூலையில் இருந்தது. படகில் பூட்டும் எஞ்சின். சாக்கால் சுற்றி, ஒரு மரச் சட்டத்தில் நிமிர்த்திக் கொளுவி, மேலே அந்தோனியார் படம் ஒன்று தொங்கியது. நான் போன முதல் நாள் அக்கா, அதாவது அவருடைய மனைவி, அதைத் துடைத்துக்கொண்டிருந்தா.

“வந்திருக்கிற தம்பி எங்கை படுக்கிறது?” என்று கேட்டா. “எஞ்சினுக்கு ஒரு மூலை குடுத்தாச்சு. அதுக்குப் பக்கத்திலை படுக்கச் சொல்லுங்கோ. ஆனால் கால் படாமல்.”

படுத்தேன். சாக்குக்குள்ளிருந்து எண்ணெயும் உப்பும் கலந்த மணம் வரும். கடலை நான் சரியாகப் பார்த்ததே அதற்குப் பிறகுதான்.

அண்ணையின் ஒரே கேள்வி அதுதான்: ஏறினவன் என்ன சொன்னான்? ஒரு பழைய சைக்கிள் வாங்கப் போனபோது அவர் சைக்கிளைத் தொடவே இல்லையாம். விற்கிறவரின் மனைவி குசினிக்குள் நின்றிருக்கிறா. வாசலில் நின்றபடி, “தங்கச்சி, நீங்கள்தானே இதின்ரை கரியரிலை இருந்து கோயிலுக்குப் போறனியள்? இறங்கேக்கை எங்கை நோகும்?” என்று கேட்டிருக்கிறார். அந்த மனுசிக்குச் சிரிப்பு. புருசனுக்குக் கோபம். சைக்கிள் வாங்கவில்லை.

பூசையில் சுவாமியார் நல்ல பிரசங்கம் வைத்தார் என்று யாராவது சொன்னால், “அது சுவாமிக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு முழந்தாளிலை நிண்டவை என்ன சொன்னவை?” என்பார். வீட்டில் மீன்குழம்பு வைத்தால் அக்கா தான் ருசி பார்க்க மாட்டா. அவரையே பார்ப்பா. அவர் ஏதும் குறை சொன்னால், “சட்டியைக் கேட்டுப் பாருங்கோ, அதுதான் முழுக்கச் சுமந்தது” என்பா.

அவர்களுடைய கலியாணமும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவவின் கடைசித் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். சின்னப் பிள்ளை. “உன்னை அக்காதானே இடுப்பிலை தூக்கி வளர்த்தவ? எத்தினை தரம் விழுத்தினவ?” என்று கேட்டார். பெடியன் யோசித்து, “ஒருக்கா” என்றான்.

“ஒருக்காலும் இல்லை எண்டு சொல்லியிருந்தால் எழும்பி வந்திருப்பன்” என்று அண்ணை எனக்குச் சொன்னார். “விழுத்தினதை மறைக்காத வீடு.”

அக்கா அடுப்படியிலிருந்து, “அந்த ஒருக்காலும் நான் விழுத்தேல்லை. அவன் துள்ளினவன்” என்றா.

என்னை அவர் வீட்டில் வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிளிநொச்சியில் ஒரு கராச்சில் கொஞ்சக் காலம், வயல்களில் கொஞ்சக் காலம் என்று திரிந்ததில் மோட்டார்சைக்கிளும் ஓட்டுவேன், லாண்ட்மாஸ்டர் என்று சொல்லும் இரண்டு சில்லு உழவு யந்திரமும் ஓட்டுவேன். அவருக்கு அந்த இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது.

கடல் இனி இப்போதைக்கு இல்லை என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார். தண்ணீரூற்றுக்குத் தெற்கே காட்டுக்குள் ஒரு குடியிருப்பு இருந்தது. மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் கச்சான்கடலை போட்டிருந்த சனம், என் தாய் தகப்பன் மாதிரி. அங்கிருந்து கச்சானை வெளியே கொண்டுவரவும், உப்பு, மண்ணெண்ணெயை உள்ளே கொண்டுபோகவும், வருத்தக்காரரை ஆசுப்பத்திரிக்கு ஏற்றிவரவும் ஒருவர் இருந்தால் அவருக்குச் சீவியம் ஓடும். பாதை என்பது ஒரு வண்டில் தடம். நடுவே ஒரு ஆறு குறுக்கிடும். மாரியில் சேறு, கோடையில் புழுதிக்குள் ஒளிந்திருக்கும் வேர்.

புதுக்குடியிருப்பில் ஒரு வியாபாரியிடம் ஒரு எம்.டி. 90 மோட்டார்சைக்கிளும் பெட்டி பூட்டிய ஒரு லாண்ட்மாஸ்டரும் நின்றன. வியாபாரியின் மைத்துனர்மார் அந்தப் பக்கக் கடலில் இன்னும் தொழில் செய்தார்கள். படகு எஞ்சினைத் தந்தால் இரண்டில் ஒன்றைத் தருவேன் என்றார்.

“ஒண்டு பாயும், மற்றது சுமக்கும்” என்றார் வியாபாரி. “உங்களுக்கு எது வேணும் எண்டு நீங்கள்தான் சொல்லோணும்.”

“நான் எப்பிடிச் சொல்லுறது?” என்றார் அண்ணை. “ஏறிப் பாக்கேல்லையே.”

வியாபாரி சிரித்துவிட்டு இரண்டையும் கொண்டுபோய் ஓடிப் பார்க்கச் சொன்னார். இப்போது யோசித்தால் அது பெரிய மனசுதான்.

எஞ்சின் ஒன்றுதான் இருந்தது. கொடுத்தால் கொடுத்ததுதான். பிழையானதைத் தெரிந்தெடுத்தால் அவருக்குக் கடலும் இல்லை, காடும் இல்லை. எனக்கும் அதில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. லாண்ட்மாஸ்டரின் நீண்ட பிடியை வலப்பக்கம் தள்ளினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். சைக்கிள் ஓடிப் பழகியவர்கள் முதல் நாள் எல்லோரும் அதில் தடுமாறுவார்கள். அண்ணை தடுமாறவில்லை. படகு எஞ்சினின் பிடியும் அப்படித்தானாம், வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். பெட்டியில் ஏறி இருந்து, பிடியைப் பிடித்து, தென்னைகளுக்கிடையில் வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். வாயில் பாட்டு வேறு.

அதே கையோடு மோட்டார்சைக்கிளில் ஏறினார். தோட்டத்து ஒழுங்கையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். கை வலப்பக்கம் தள்ளியது. வண்டி வலப்பக்கத்து ஈச்சம் பற்றைக்குள் போய் நின்றது. முள்ளை எடுத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டா: “கரை அங்காலை இருக்க, இவர் ஏன் இஞ்சாலை வந்து வலை போட்டவர்?”

“பிடி பிழையாச் செய்திருக்கிறாங்கள்” என்றார் அண்ணை.

ஆக, லாண்ட்மாஸ்டர் என்றால் அவர் தானே ஓட்டிக்கொள்வார், நான் என் உரப்பையை எடுத்துக்கொண்டு நடக்கலாம். மோட்டார்சைக்கிள் என்றால் அவருக்கு ஓட்ட ஒரு ஆள் வேண்டும். நடப்பதற்கு எனக்குப் பயமில்லை. ஆனால் அந்த மூலையில், உப்பு மணத்தோடு, நான் வழமையைவிட நல்ல நித்திரை கொண்டேன் என்பதும் உண்மை.

அவருக்கும் அது தெரிந்திருந்தது. “நீ எந்த வண்டி நல்லது எண்டு எனக்குச் சொல்லாதை” என்றார் ஒரு காலை. “உனக்கு வேலை வேணும். வேலை வேணுமெண்டவன்ரை வாயிலை மோட்டார்சைக்கிள்தான் வரும்.”

“அப்ப என்னத்துக்கு என்னை வைச்சிருக்கிறியள்?”

“ஓட்ட. நான் ஏறோணுமல்லோ.”

அப்படித்தான் நாங்கள் பரிசோதனை செய்தோம். நான் ஓட்டுவேன். அவர் சுமை. மடியில் ஒரு மண்சட்டி, வாய்மட்டத்துக்குத் தண்ணீர். ஆற்றங்கரைவரை போய் வரவேண்டும், பிறகு சட்டியைப் பார்க்க வேண்டும்.

மோட்டார்சைக்கிளைக் கிளப்புவதே ஒரு சடங்கு. பொருளாதாரத் தடையால் பெற்றோலைக் கண்ணால் காண்பது அரிது என்பதால், கண்மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். வெள்ளைப் புகைக்குள் நாங்கள் மறைந்து வெளியே வருவோம். தடத்தில் அது பாம்பு மாதிரிப் போகும். வேர் வந்தால் வேருக்குப் பக்கத்தால் ஒரு பாதை கிடைக்கும், மரம் விழுந்து கிடந்தால் சுற்றிப் போகலாம், ஆற்றில் கல்லுக்குக் கல் தாவலாம். ஆனால் தவறிய ஒவ்வொரு குழியும் நேரே முள்ளந்தண்டுக்கு வரும். நாங்கள் திரும்பி வந்தபோது சட்டியில் ஒரு வாய் தண்ணீர் இருந்தது. மிச்சம் அவருடைய சாரத்தில்.

“டேய், நீ குழியைத் தேடித் தேடிப் போறாய்.”

“நான் ஏன் தேடுறன்? எனக்கு இந்த வண்டியல்லோ வேணும்.”

“ஓம், அதுவும் சரிதான்” என்று யோசித்தார்.

லாண்ட்மாஸ்டர் பெட்டியில் வைக்கோல் போட்டு, சட்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தார். அது குழிக்குள் இறங்கி, யோசித்து, ஏறி வரும். சேற்றிலும் நிற்காது. பத்து மூட்டையும் ஏற்றலாம். ஆனால் அதன் சத்தம் காடு முழுக்கக் கேட்கும். மேலே இராணுவ ஹெலிகொப்டர் வந்தால் நமக்குக் கேட்காது. பெட்டி அகலம் என்பதால் ஒரு வேரைக்கூட விலக்க முடியாது, எல்லாவற்றிலும் ஏறித்தான் போக வேண்டும். படுத்திருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டு வந்தார்: “இப்ப இடுப்பு. இப்ப தலை. இப்ப ஒண்டுமில்லை. இப்பவும் ஒண்டுமில்லை. டேய், நிக்கிறமோ போறமோ?”

சட்டியில் தண்ணீர் அநேகமாக அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தார். வெயிலில் சுட்டுப்போயிருந்தது.

“இதிலை தண்ணி மிஞ்சும்” என்றார் அக்காவிடம். “ஆனால் அதுக்குள்ளை கோப்பி போடலாம்.”

அதற்குப் பிறகும் அவரால் முடிவெடுக்க முடியவில்லை. ஆனாலும் கை அடிக்கடி லாண்ட்மாஸ்டர் பக்கம்தான் போனது. மெல்லப் போவதில் அவருக்கு ஏதோ ஒரு ஆறுதல் இருந்தது. மோட்டார்சைக்கிளைப் பார்க்கும்போது மட்டும் முகம் ஒரு மாதிரி ஆகும். ஈச்சம் முள் என்று நான் நினைத்தேன்.

“முள்ளில்லை” என்றா அக்கா. அன்றைக்கு அண்ணை கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தோம். “கரையை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு மாமிக்கு, அதுதான் இவரின்ரை தாய்க்கு, நல்ல சுகமில்லை. நெஞ்சிலை சளி. ஆரோ ஒரு பெடியன் மோட்டார்சைக்கிளோடை நிண்டான். அவன் ஓட, மாமி நடுவிலை, இவர் பின்னாலை இருந்து அவவை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தவர். மேலை ஹெலி. அவன் விட்டுப் பறக்கிறான். மாமி ‘மெல்ல, மெல்ல’ எண்டு சொல்லிக்கொண்டு வந்தவவாம். இவர் அவனுக்குக் கத்தினவராம். காத்திலை கேட்டுதோ, கேட்டும் அவன் நிப்பாட்டேல்லையோ, தெரியாது.”

“செத்துப்போனாவோ?”

“இல்லை. நல்லா வந்து சேந்தவ. பிறகும் கொஞ்சக் காலம் இருந்தவ. வந்ததைப் பற்றி ஒருநாளும் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஆனால் இவரின்ரை கை தோளிலை பட்டால் மட்டும் அப்பிடியே சுருங்குவா. தேத்தண்ணி குடுக்கப் போனாலும் சுருங்குவா.” அக்கா கச்சான் கோதை ஊதிவிட்டா. “தாயட்டைக் கேட்க இவருக்கு வாய் வரேல்லை. அதுதான் உலகத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு திரியிறார்.”

கேள்வி கேட்டுக் கலியாணம் செய்தது அதற்கு முன்னால் அல்லவா என்று நான் சொல்ல நினைத்தேன். பழக்கம் முதலே இருந்தது. அது வருத்தமாக மாறியது அன்றைக்காக இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் கச்சானை உடைத்தேன்.

வியாபாரி ஆள் அனுப்பி, முடிவைச் சொல்லுங்கோ என்றார். அண்ணை கடைசியாக ஒருதரம் குடியிருப்புவரை போய்ப் பார்ப்போம் என்றார். இரண்டு வண்டியும் போகட்டும். லாண்ட்மாஸ்டரை அவர் ஓட்டினார், உப்பு மூட்டையும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு. நான் மோட்டார்சைக்கிளில் முன்னே போய், நிழலில் நின்று, அவர் சத்தம் கேட்க மறுபடி போய், மறுபடி நின்றேன். ஆற்றைத் தாண்டும்போது அவர் பிடியோடு எழும்பி நின்றார், அலையில் நிற்கிற மாதிரி. தண்ணீர் சில்லுக்கு மேலே வர, மறுகரையில் ஏறி, திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முடிவு எடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. உரப்பை எங்கே வைத்தேன் என்று யோசித்தேன்.

குடியிருப்பில் சனம் கூடி நின்றது. கூரை மேய ஏறிய ஒரு பெண் வளைமரம் முறிந்து விழுந்திருந்தா. நாற்பது வயது இருக்கும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் கை வளைந்து வீங்கியிருந்தது. மட்டை வைத்து, சேலைத் துண்டால் நெஞ்சோடு கட்டி, ஒரு மரத்தில் சாய்த்து இருத்தியிருந்தார்கள். முகம் வியர்த்துச் சாம்பலாக இருந்தது.

“சாமி அனுப்பின மாதிரி வந்தீங்க” என்றார் அவவின் கணவர். வைக்கோல் எடுத்துக்கொண்டு நேரே லாண்ட்மாஸ்டர் பெட்டியடிக்குப் போனார். அண்ணையும் கூடப் போய் வைக்கோலை மெத்தையாகப் பரப்பினார். எல்லாம் ஆயத்தம். பிறகு பழக்கம் விடவில்லை. பெண்ணின் முன்னால் வந்து குந்தியிருந்தார்.

“தங்கச்சி, உங்களைத்தான் கேக்கோணும். எதிலை ஏறுறியள்?”

அவ இரண்டையும் பார்த்தா. “எது சீக்கிரம் போவும்?”

“மோட்டார்சைக்கிள். ஆனால் அது குலுக்கும். இது மெல்லப் போகும். படுத்துக்கொண்டு போகலாம்.”

“மெல்லப் போனா எப்ப போய்ச் சேரும்?”

“பொழுதுபடும்.”

“பொழுதுபடும் வரைக்கும் வலிக்கணுமா?” என்றா. “அந்தச் சின்னதுலயே ஏத்துங்க.”

கணவர் இடையில் வந்தார். “இதுலயே போலாம்மா. நானும் கூட வரலாம்ல.”

“கை ஒங்களுதா, என்னுதா?”

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவ சிரிக்கவில்லை. அண்ணையும் சிரிக்கவில்லை. குந்தியிருந்தவர் அப்படியே இருந்தார். சுமையிடம் இத்தனை காலமும் எங்கே நோகுது என்றுதான் கேட்டிருந்தார். எதிலே போகிறாய் என்று கேட்டதும் அதற்கு மறுமொழி வந்ததும் அன்றைக்குத்தான் முதல்தரம் என்று நினைக்கிறேன்.

நான் ஓட்ட, அவ நடுவில், அண்ணை பின்னால். அவருடைய தாய் வந்த மாதிரியே. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். லாண்ட்மாஸ்டர் ஓட்டத் தெரிந்த கணவர் அதைக் கச்சான் மூட்டைகளோடு மறுநாள் விடிய ஓட்டி வருவதாக ஏற்பாடு.

புறப்பட்டு ஒரு வளைவு போகவில்லை, பின்னாலிருந்து அவவின் குரல்: “மெல்லப் போங்க!”

அண்ணையின் கை நீண்டு வந்து என் தோளை இறுக்கியது. “மெல்ல எண்டுறா! மெல்ல!” அவர் கத்திய கத்தலில் நான் வண்டியை நிறுத்தியே விட்டேன்.

“நிக்கச் சொல்லல” என்றா அவ. “அந்த வேரு கிட்ட மெல்ல. இப்ப விடுங்க.”

“விடட்டாம்” என்றார் அண்ணை.

விட்டேன். கொஞ்சத்தில், “மெல்ல.” பிறகு, “விடுங்க, விடுங்க, இங்க நல்லா இருக்கு.” ஒவ்வொன்றையும் அண்ணை எனக்குத் திருப்பிச் சொன்னார். எனக்கு முதலாவதே கேட்டது. ஆனாலும் நான் அவர் சொன்ன பிறகுதான் செய்தேன். ஆற்றில் மூன்று பேரும் இறங்கி, அவவை நான் தாங்கி நடத்த, அண்ணை வண்டியைத் தள்ளினார். அக்கரையில் மறுபடி வண்டியில் ஏறியதும் அவ, “ஒங்க கையைக் கொஞ்சம் தளத்துங்க அண்ணே, விலா வலிக்குது” என்றா.

அண்ணை கையை உடனே எடுத்துவிட்டார்.

“எடுக்கச் சொல்லல. தளத்தச் சொன்னேன். விழுந்துருவேன்ல.”

கண்ணாடியில் பார்த்தேன். அவர் முகம் அவவின் தலைக்குப் பின்னால் மறைந்திருந்தது. இரண்டு கையும் மறுபடி வந்து, மெல்ல, அவவின் இடுப்பைச் சுற்றி நின்றன.

ஆசுப்பத்திரியில் கையைப் பார்த்தவர், நேரத்தோடு கொண்டுவந்தது நல்லது, விரல்களுக்கு இரத்தம் போவது குறையத் தொடங்கியிருக்கிறது என்றார். அண்ணை கட்டிலடியில் நின்று, போகாமல் நின்று, கடைசியில் கேட்டார்: “தங்கச்சி, எப்பிடி இருந்தது?”

“உசிரு போயிருச்சு” என்றா. கொஞ்சம் யோசித்து, “ஆனா சொன்னா கேட்டீங்க” என்றா.

வெயில் சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். அண்ணை நேரே மூலைக்குப் போய் எஞ்சினின் சாக்கை அவிழ்த்தார்.

“எது?” என்று கேட்டா அக்கா.

“மோட்டார்சைக்கிள்.”

அக்கா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன், சிரிப்பு தெரியக்கூடாதென்று. “கை பிழையாத் திரும்புற மனுசன் மோட்டார்சைக்கிள் எடுத்தால் ஆர் ஓடுறது?” என்றா.

அண்ணை சாக்கை மடித்துக்கொண்டே என் பக்கம் ஒருதரம் பார்த்தார். எனக்கு அது என் பெயரைச் சொல்லாமல் சொன்ன மாதிரிப் பட்டது. உரப்பையிலிருந்து சாரத்தை எடுத்துக் கொடியில் போட்டேன்.

காலையில் லாண்ட்மாஸ்டர் வந்தது. கச்சான் மூட்டைகளை இறக்கிவிட்டு, அதே பெட்டியில் எஞ்சினை நாங்கள் மூவருமாகத் தூக்கி வைத்தோம். அக்கா வைக்கோலை அதன் அடியில் இன்னும் கொஞ்சம் செருகினா. மனைவியை ஆசுப்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த கணவர், எஞ்சினையும் லாண்ட்மாஸ்டரையும் வியாபாரியிடம் கொண்டுபோய் விடுவதாக ஒத்துக்கொண்டார். சத்தம் தென்னைகளுக்கு அப்பால் தேயும்வரை அண்ணை ஒழுங்கையில் கால்களை அகட்டி நின்றார். அந்தோனியார் படத்துக்குக் கீழே மூலை வெறுமையாக இருந்தது.

நான் கண்மருந்துப் போத்தலை எடுத்து, துளிகளை விட்டு, வண்டியைக் கிளப்பி, ஏறப்போனேன்.

“உங்கை இல்லை” என்றார் அண்ணை. “பின்னாலை.”

“ஓட்டுறது நான் எண்டல்லோ…”

“நீ நல்லா ஓட்டுவாய், தெரியும். அம்மாவைக் கொண்டுவந்த அண்டைக்கும் எனக்கு ஓட்டத் தெரியாமல்தான் வேறை ஒருத்தன் ஓட்டினவன்.” பிடியைப் பிடித்தார். “நான் பழகோணும். ஆனால் வெறும் வண்டியிலை பழகினால் எனக்கு என்ன தெரியும்? ஆராவது ஏறி இருந்து சொல்லோணும். சாப்பாடு இஞ்சை. படுக்கிறது அந்த மூலை முழுக்க உனக்கு. வேலை இதுதான்.”

அக்கா மண்சட்டியை வாய்மட்டத்துக்கு நிறைத்துக் கொண்டுவந்து என் கையில் தந்தா. “துள்ளாமல் இருங்கோ தம்பி. விழுத்தினால் உங்களைத்தான் சொல்லுவார்” என்றா.

ஏறினேன். வண்டி ஒருமுறை பாய்ந்து, புகைக்குள்ளால் வெளியே வந்தது. ஒழுங்கை இடப்பக்கம் திரும்பும் இடத்தில் அவருடைய கை வலப்பக்கம் போனது. ஈச்சம் பற்றை நேரே வந்தது. தண்ணீர் என் மடியில் கொட்டியது.

“மெல்ல, அண்ணை” என்றேன்.

அந்தக் கணமே அவர் வேகத்தைக் குறைத்தார்.